லின்ட் விதிகளைப் பகிர்வது: டைப்ஸ்கிரிப்ட் எழுதுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

“எங்க ப்ராஜெக்ட்ல லின்ட் போட்டிருக்கோம்” என்று ஒருவர் சொன்னால் அதற்கு நாலு அர்த்தம் இருக்கலாம். கோப்பைச் சேமித்ததும் நிரல் வரிகள் தாமாகவே ஒழுங்காகிவிடும் என்று சொல்ல வருகிறார். அல்லது எடிட்டரில் சிவப்பு நெளிகோடு வரும் என்கிறார். அல்லது டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் காட்டும் பிழைகளையே லின்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாலாவது ரகம், எங்கிருந்தோ ஒரு கட்டமைப்புக் கோப்பை எடுத்து ஒட்டிவிட்டு, மறுபடி அதைத் திறந்தே பார்க்காதவர். நான் ரொம்ப காலம் நாலாவது ரகமாகத்தான் இருந்தேன்.

ஒரே ஒரு ப்ராஜெக்ட் என்றால் இந்தக் குழப்பத்தோடு எப்படியோ காலத்தை ஓட்டிவிடலாம். ஐந்தாறு ப்ராஜெக்ட்டுகள், எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள் என்று வரும்போதுதான் சிக்கல். பல டீம்களில் ‘விதிகளைப் பகிர்கிறோம்’ என்ற பெயரில் நடப்பது நகல் எடுப்பது. இரண்டும் ஒன்றில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் லின்ட் என்றால் என்ன என்பதிலேயே ஆளுக்கொரு எண்ணம் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

## ஒரு கட்டுரை, மூன்று பேர்

ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை வந்திருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் மூன்று பேர் அதைப் பார்க்கிறார்கள்.

முதல் ஆளுக்கு இலக்கணம் மட்டும்தான் கணக்கு. “அவர்கள் நேற்று வந்தான்” என்று இருந்தால் உடனே சுழித்துவிடுவார். எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை; எந்தச் சூழலிலும் இது பிழைதான். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் செய்வது இந்த வேலை. ஒரு மதிப்பு எண்ணா, எழுத்துச் சரமா, பட்டியலா என்று சொல்லும் வகைக் குறிப்புக்கு டைப் என்று பெயர். எண் வரவேண்டிய இடத்தில் சரம் வந்தால் ‘பொருந்தவில்லை’ என்று கம்பைலர் சொல்லிவிடும்.

இரண்டாமவர் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி. “கண்ணனைப் பார்த்த முருகனின் தம்பி வந்தான்” என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கண்ணனைப் பார்த்தது முருகனா, தம்பியா? எழுதியவர் மனதில் ஒன்று இருந்திருக்கும், படிப்பவர் வேறொன்றை எடுத்துக்கொள்வார். ‘இது தப்பு என்று சொல்லவில்லை, இதைத்தான் சொல்ல நினைத்தீர்களா?’ என்று ஓரத்தில் குறித்துவைப்பார். இவர்தான் லின்டர்.

மூன்றாமவர் வாக்கியத்தைப் படிக்கவே மாட்டார். பத்தியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம், வரி எங்கே முறிய வேண்டும், மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்று பக்கத்தின் தோற்றத்தை மட்டும் பார்ப்பார். இவர் ஃபார்மேட்டர். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் 2017-இல் வந்த ப்ரெட்டியர் இந்த வேலைக்குப் பெயர்போனது.

நிரலில் ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு நிபந்தனையில் ‘அ ஐந்துக்குச் சமமா’ என்று கேட்க நினைத்து, சமக்குறியை மூன்று தடவை போடுவதற்குப் பதிலாக ஒரு தடவை போட்டுவிட்டீர்கள். இப்போது அது கேள்வி இல்லை, அ-வுக்குள் ஐந்தைத் தூக்கி வைக்கும் கட்டளை. அ ஓர் எண், ஐந்தும் ஓர் எண், டைப் கச்சிதமாகப் பொருந்துகிறது. கம்பைலர் வாயே திறக்காது. ஃபார்மேட்டர் அந்த ஒற்றைச் சமக்குறியின் இரு பக்கமும் அழகாக இடைவெளி விட்டுக் கொடுக்கும். லின்டர் மட்டும்தான் ‘நிபந்தனைக்குள் மதிப்பை வைக்கிறீர்களே, தெரிந்துதானா?’ என்று கேட்கும்.

## பெயர் எங்கிருந்து வந்தது

லின்ட் என்றால் துணியில் ஒட்டிக்கொள்ளும் நூல் பிசிறு. 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன், சி மொழி நிரல்களில் கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்ட சந்தேகத்துக்குரிய இடங்களைப் பொறுக்கி எடுக்க ஒரு கருவி எழுதி அதற்கு இந்தப் பெயரை வைத்தார். துணி கிழியவில்லை, மேலே பிசிறு மட்டும் ஒட்டியிருக்கிறது என்ற பொருளில் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு 2002-இல் டக்ளஸ் கிராக்ஃபர்ட் ஜேஎஸ்லின்ட் எழுதினார். அதில் அவருக்குப் பிடித்தது விதி, பிடிக்காதது பிழை. அணைத்துவைக்க அதிகம் இடம் கிடையாது. 2013-இல் நிக்கலஸ் ஸகாஸ் தொடங்கிய ஈஎஸ்லின்ட் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. ஒவ்வொரு விதியும் தனித்தனி. எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம், உங்கள் சொந்த விதியையும் எழுதிச் சேர்க்கலாம். இன்றைய பகிர்வுப் பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றலாம் என்றால் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் ஒவ்வொரு மாதிரி மாற்றிக்கொள்ளும்.

நடுவில் ஒரு கிளைக்கதை. மைக்ரோசாஃப்ட் 2012-இல் டைப்ஸ்கிரிப்ட்டை வெளியிட்ட பிறகு, அதற்கென்றே டிஎஸ்லின்ட் என்று தனியாக ஒரு கருவி வந்தது. 2019-இல் அதை ஓரங்கட்டிவிட்டு, டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட் என்ற இணைப்பின் வழியாக ஈஎஸ்லின்ட்டையே பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. நீங்கள் படிக்கும் பாடம் டிஎஸ்லின்ட்டை நிறுவச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கம்பைலர் பொருந்தாததைப் பிடிக்கும், லின்டர் பொருந்தினாலும் சந்தேகமாக இருப்பதைப் பிடிக்கும், ஃபார்மேட்டர் தோற்றத்தைப் பார்த்துக்கொள்ளும்.

## லின்டர் எப்படிப் படிக்கிறது

லின்டர் ஏதோ ‘இந்தச் சொல் வந்தால் கத்து’ என்று தேடிப் பார்க்கும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். ‘நடந்தான்’ என்பதை நட + த்(ந்) + த் + ஆன் என்று பிரிப்போம். நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் விகுதி. இரண்டு த்-களும் எழுத்தளவில் ஒன்றுதான். ஆனால் ஒன்று சந்தி, மற்றது காலம் காட்டுகிறது. எழுத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, அது வகிக்கும் இடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

லின்டரும் முதலில் நிரலை இப்படித்தான் பிரிக்கிறது. பிரித்துத் தரும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். அது தருவது ஒரு மரம்: மேலே கோப்பு, அதன் கிளைகளாகச் செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்), அவற்றின் கிளைகளாக நிபந்தனைகள், அழைப்புகள், மாறிகள், கடைசி இலைகளாக எண்களும் பெயர்களும். ஒவ்வொரு விதியும் ஒரு சின்னச் செயற்கூறு. ‘நிபந்தனைக் கிளை வந்தால் என்னைக் கூப்பிடு’ என்று முன்பே சொல்லி வைத்திருக்கும். லின்டர் மரத்தை உச்சியிலிருந்து நடந்துகொண்டே வரும். அந்தக் கிளை வந்ததும் விதியை எழுப்பும். விதி பார்த்துவிட்டு குறை சொல்லும் அல்லது திரும்பத் தூங்கும். அதனால்தான் ‘டிபக்கர்’ என்ற சொல்லை ஒரு செய்திச் சரத்துக்குள் எழுதினால் லின்டர் கண்டுகொள்வதில்லை, அதையே கட்டளையாக எழுதினால் பிடித்துக்கொள்கிறது.

ஈஎஸ்லின்ட்டின் சொந்தப் பார்சருக்கு ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான் தெரியும். ஒரு மாறிக்குப் பக்கத்தில் டைப் எழுதியிருந்தால் ‘இது என்ன மொழி?’ என்று விழிக்கும். டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட் செய்யும் முதல் வேலை இதைச் சரிசெய்வது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரிடமிருந்து மரத்தை வாங்கி, ஈஎஸ்லின்ட்டுக்குப் பழக்கமான வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. அதனால்தான் ஜாவாஸ்கிரிப்ட்டுக்காக எழுதிய பழைய விதிகள் பலவும் டைப்ஸ்கிரிப்ட்டிலும் ஓடுகின்றன.

## மரம் போதாத இடம்

இந்தக் கட்டுரையில் எதையாவது நிதானமாகப் படிக்க வேண்டுமென்றால் இந்தப் பகுதியைச் சொல்வேன்.

சேமி(பயனர்) என்று ஒரு வரி இருக்கிறது. மரத்தைப் பார்த்தால் அது ஒரு செயற்கூறு அழைப்பு, அவ்வளவுதான். அந்தச் செயற்கூறு வேலையை முடித்துவிட்டுத் திரும்புகிறதா, அல்லது ‘பிறகு முடித்துச் சொல்கிறேன்’ என்று ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறதா? அந்தச் சீட்டுக்குத்தான் ப்ராமிஸ் என்று பெயர். சீட்டை வாங்கியவர் காத்திருந்து விசாரிக்க வேண்டும். யாரும் வாங்காமல் விட்டால் வேலை தோற்றதா ஜெயித்ததா என்பது அடுத்த வரிக்குத் தெரியவே தெரியாது.

இது எனக்கே நடந்தது. முன்பு ஒரு டீமில், உடனே முடியும் ஒரு சேமிப்புச் செயற்கூறை ப்ராமிஸ் தருவதாக மாற்றினோம். அதை அழைத்த இடங்கள் எதிலும் திருப்பி வரும் மதிப்பைப் பயன்படுத்தவில்லை. ஆகவே டைப் எங்கும் முரண்படவில்லை, கம்பைலருக்கும் குறை சொல்ல எதுவும் இல்லை. திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று செய்தி வந்துகொண்டே இருந்தது, சேமிப்பு தோற்ற நேரங்களிலும். ஒரு பயனர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இதைப் பிடிக்க ஒரு விதி உண்டு. நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ் என்று பெயர். யாரும் பிடித்துக்கொள்ளாமல் மிதக்கும் ப்ராமிஸ் கூடாது என்று பொருள். இந்த விதிக்கு மரம் போதாது. ‘சேமி என்பது எந்த டைப்பைத் திருப்பித் தருகிறது?’ என்று கம்பைலரிடம் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். இப்படி டைப் தகவலையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யும் விதிகளை டைப் சார்ந்த விதிகள் என்கிறோம்.

இதற்கு ஒரு விலை உண்டு, நேரம். மற்ற விதிகளுக்கு ஒரு கோப்பைத் திறந்து மரமாக்கினால் போதும். டைப் சார்ந்த விதிகளுக்கு அந்தக் கோப்பு இறக்குமதி செய்யும் கோப்புகள், அவை இறக்குமதி செய்பவை என்று தேவையான எல்லாவற்றின் டைப்பையும் கம்பைலர் கணக்கிட வேண்டியிருக்கும். பெரிய ப்ராஜெக்ட்டில் இது நன்றாகவே உறைக்கும். அதனாலேயே பலர் இவற்றை அணைத்துவிடுகிறார்கள். நான் அணைக்க மாட்டேன். டைப்ஸ்கிரிப்ட்டில் லின்ட் வைத்திருப்பதன் பெரும்பயனே இந்த விதிகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

சுருக்கமாக: சில விதிகளுக்கு நிரலின் வடிவம் போதும், வேகமாக ஓடும். சிலவற்றுக்கு டைப்பும் வேண்டும், மெதுவாக ஓடும், ஆனால் கம்பைலரும் மற்ற விதிகளும் விட்ட பிழைகளைப் பிடிக்கும்.

## நகல் ஏன் பகிர்வாகாது

சரி, பத்திரிகைக்குத் திரும்புவோம். எண்களை எழுத்தால் எழுதுவதா இலக்கத்தாலா, பிறமொழிப் பெயர்களில் ஜ, ஷ போடுவதா வேண்டாமா என்பதற்கெல்லாம் ஒரு நடைக் குறிப்பேடு இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து ஐந்து உதவி ஆசிரியர்களிடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் பேனாவால் ஒரு விதியை அடிப்பார், இன்னொருவர் ஓரத்தில் புதிதாக ஒன்று எழுதுவார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஐந்து குறிப்பேடுகள் இருக்கும். ஐந்துக்கும் அட்டை மட்டும் ஒன்று.

எங்களிடம் நடந்ததும் அதுவே. ஐந்து ரெப்போக்கள் (நிரல் களஞ்சியங்கள்), ஐந்திலும் ஒரே பெயரில் லின்ட் கோப்பு. நான் மேலே சொன்ன மிதக்கும் ப்ராமிஸ் விதி நாலில் இயங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் மட்டும், ‘லின்ட் மெதுவாக இருக்கிறது’ என்று யாரோ எப்போதோ அணைத்துவைத்திருந்தார்கள்.

பகிர்வு என்றால் குறிப்பேடு ஓரிடத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பதிப்பு எண் இருக்க வேண்டும், ஐவரும் ‘மூன்றாம் பதிப்பைப் பின்பற்றுகிறேன்’ என்று சொல்ல முடிய வேண்டும். விலகினால் அந்த விலகல் தனியாகக் கண்ணில் பட வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் இதைச் செய்ய ஏற்கெனவே வழி இருக்கிறது: மற்ற நூலகங்களைப் போலவே விதிகளையும் ஒரு பேக்கேஜாக ஆக்கி, என்பிஎம் வழியாக நிறுவிக்கொள்வது.

## பேக்கேஜுக்குள் என்ன இருக்கும்

ஈஎஸ்லின்ட்டின் கட்டமைப்புக் கோப்பு ஒரு சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. அது ஒரு பட்டியலைத் தருகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு உருப்படியும் ‘இந்தக் கோப்புகளுக்கு, இந்தப் பார்சரோடு, இந்த விதிகள்’ என்று சொல்லும். ஒரே விதியைப் பற்றி இரண்டு உருப்படிகள் பேசினால் பட்டியலில் பின்னால் வருவது வெல்லும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. இதற்கு ஃப்ளாட் கான்ஃபிக் என்று பெயர். 2024 ஏப்ரலில் வந்த ஈஎஸ்லின்ட் 9 முதல் இதுவே இயல்பான முறை.

ஆகவே பகிர்ந்த விதி பேக்கேஜ் என்பது அப்படி ஒரு பட்டியலை ஏற்றுமதி செய்யும் பேக்கேஜ், வேறொன்றுமில்லை. பயன்படுத்தும் ப்ராஜெக்ட் அதை இறக்குமதி செய்து தன் பட்டியலின் முதலில் விரித்துப் போடும்; தனக்கென்று மாற்றம் வேண்டுமானால் கீழே எழுதும். ப்ராஜெக்ட்டின் கோப்பு பத்து வரியைத் தாண்டாது. தாண்டினால், அந்த வரிகளே ‘நாங்கள் இங்கெல்லாம் விலகுகிறோம்’ என்று சொல்லும் பட்டியல்.

பழைய முறையில் கூடுதல் விதிகளைத் தரும் ப்ளகின்களைப் பெயரால் மட்டும்தான் சொல்ல முடியும். அதனால் பகிர்ந்த பேக்கேஜை நிறுவியவர், அது குறிப்பிடும் ஒவ்வொரு ப்ளகினையும் தானே தனியாக நிறுவ வேண்டியிருந்தது. ஒன்றை மறந்தால் புரியாத பிழைச் செய்தி. இப்போது ப்ளகினையும் பேக்கேஜே இறக்குமதி செய்து கையோடு கொண்டுவந்துவிடுகிறது. ஈஎஸ்லின்ட், டைப்ஸ்கிரிப்ட் இரண்டை மட்டும் ‘இவற்றை நீங்கள் வைத்திருக்க வேண்டும்’ என்று கேட்கும் சார்பாக, அதாவது பியர் சார்பாக, குறிப்பிடுவது வழக்கம். இல்லையென்றால் ஒரே ப்ராஜெக்ட்டில் இரண்டு டைப்ஸ்கிரிப்ட்டுகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பேக்கேஜுக்குள் போகக்கூடாத ஒன்றும் உண்டு: இடம். பேக்கேஜ் எந்த ப்ராஜெக்ட்டுக்குள் நிறுவப்படும் என்று அதற்குத் தெரியாது. டைப் சார்ந்த விதிகளுக்கோ ப்ராஜெக்ட்டின் டைப்ஸ்கிரிப்ட் அமைப்புக் கோப்பு (டிஎஸ்கான்ஃபிக்) எங்கே என்று தெரிந்தாக வேண்டும். டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட்டின் 8-ஆம் பதிப்பில் நிலைபெற்ற ப்ராஜெக்ட் சர்வீஸ் என்ற வசதி, எடிட்டர் செய்வதைப் போலவே ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்திலிருக்கும் அமைப்புக் கோப்பைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். அதைப் பேக்கேஜில் இயக்கிவிட்டு, வேர் அடைவு எது என்பதை மட்டும் ப்ராஜெக்ட் தன் கோப்பில் சொல்ல விடுங்கள். அமைப்புக் கோப்பில் சேராத சில்லறை ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் எப்போதும் நாலைந்து கிடக்கும். அவற்றுக்கு டைப் சார்ந்த விதிகளை அணைக்கும் உருப்படி ஒன்றும் தேவைப்படும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளில் தடுக்கி விழும் இடம் இது.

## எந்த விதிகளை எடுப்பது

இதில் நான் அதிகம் மெனக்கெடச் சொல்ல மாட்டேன். டைப்ஸ்கிரிப்ட்-ஈஎஸ்லின்ட் தரும் பரிந்துரைத் தொகுப்பில், டைப் சார்ந்த வடிவத்தை எடுத்துத் தொடங்குங்கள். அதைவிடக் கண்டிப்பான தொகுப்பும் உண்டு, அது பிறகு. அப்புறம், தோற்றம் பற்றிய விதிகளை உள்ளே விடாதீர்கள். ஈஎஸ்லின்ட்டே 2023-இல் தன் தோற்ற விதிகளைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. அதை ஃபார்மேட்டரிடம் விடுங்கள்.

ஒவ்வொரு விதிக்கும் மூன்று நிலை உண்டு: அணைப்பு, எச்சரிக்கை, பிழை. எச்சரிக்கை நிலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. முன்னூறு மஞ்சள் வரிகள் ஓடும் திரையில் முன்னூற்றொன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு விதி முக்கியமென்றால் பிழையாக வையுங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

## பதிப்பு எண் எதற்கு

பேக்கேஜில் புதிதாக ஒரு விதியைச் சேர்க்கிறீர்கள். நேற்று வரை பச்சையாக இருந்த ஐந்து ப்ராஜெக்ட்டுகளின் தானியங்கிச் சோதனை இன்று சிவப்பாகிறது. நிரலில் யாரும் கை வைக்கவில்லை. ஆகவே விதியைக் கடுமையாக்குவது எப்போதும் பெரிய மாற்றம். பதிப்பின் முதல் எண் கூட வேண்டும், இரண்டிலிருந்து மூன்றுக்கு. விதியைத் தளர்த்துவது சின்ன மாற்றம். இந்த ஒழுங்கு இருந்தால் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் தனக்கு நேரம் கிடைக்கும்போது புதிய பதிப்புக்கு வரும், யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

பழைய ப்ராஜெக்ட்டில் முதன்முதலாக இதைப் போட்டால் ஆயிரக்கணக்கில் பிழை வரும். பயப்பட வேண்டாம். ஒரு பகுதியை லின்டரே திருத்திக்கொடுக்கும். மீதியை, இன்று இருக்கும் மீறல்கள் இவை என்று ஒரு கோப்பில் பதிந்துவைத்து, இனிமேல் புதிதாக வருபவற்றை மட்டும் பிழையாகக் காட்டும் வசதி ஈஎஸ்லின்ட்டில் 2025-இல் வந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வரிக்கு மட்டும் விலக்கு வேண்டுமானால் அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதலாம்; அதில் இரண்டு சிறு கோடுகளுக்குப் பிறகு காரணத்தையும் எழுதலாம். காரணம் இல்லாத விலக்கை நான் மறுபார்வையில் ஏற்பதில்லை.

## எங்கிருந்து தொடங்குவது

புதிய பேக்கேஜ் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், எல்லா அடுக்குகளையும் சேர்த்துக் கடைசியில் அந்தக் கோப்புக்கு எந்தெந்த விதிகள் பொருந்துகின்றன என்று அச்சிட்டுக் காட்டும் தேர்வு ஈஎஸ்லின்ட்டில் இருக்கிறது, ப்ரின்ட்-கான்ஃபிக் என்று. ஒவ்வொரு ரெப்போவிலும் ஒரு டைப்ஸ்கிரிப்ட் கோப்பை எடுத்து இதை ஓடவிட்டு, வரும் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் படித்து ‘இது யார் போட்டது, எதற்கு?’ என்று டீமில் கேட்டோம். பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. அவை பேக்கேஜின் பொது விதியோடு கலந்துவிட்டன. இரண்டுக்கு மட்டும் காரணம் இருந்தது. அவை அந்தந்த ரெப்போவின் கோப்பில், கடைசி இரண்டு வரிகளாக, பக்கத்தில் காரணத்தோடு இருக்கின்றன.